சிறுமலை ஈரத்தில் ஐந்து கத்திகள்

போன ஐப்பசி மழையில், கொட்டகைக்குப் படல் கட்டுவதற்காகக் காய்ந்த மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தேன். மூங்கில் வாயில் கத்தியை வைத்து முதுகில் கட்டையால் தட்டி இறக்குவது வழக்கம். மூன்றாவது கணுவில் இறங்கும்போது 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால், கத்தியின் வாய் அரை நெல் அளவுக்குப் பிறை போல உடைந்திருந்தது. நசுங்கவில்லை, மடங்கவில்லை, கண்ணாடிச் சில்லு போலத் தெறித்துவிட்டது. 1095 எஃகில் செய்தது என்று பிடியிலேயே பொறித்திருந்த, நல்ல விலை கொடுத்து வாங்கிய கத்தி.

பூதக்கண்ணாடி வைத்து உடைந்த இடத்தைப் பார்த்தேன். மணல் மணலாகத் தெரிந்தால் அதிகச் சூட்டில் எஃகு கெட்டுவிட்டது என்று அர்த்தம். இதில் சாம்பல் நிறப் பட்டுத்துணி போல மழமழவென்று இருந்தது. அப்படியென்றால் காய்ச்சியதில் குறை இல்லை, அதன்பின் மிதமான சூடு கொடுக்கும் பதத்தில்தான் குறை. அன்று ஆரம்பித்த விசாரணைதான் இந்த ஒரு வருடம் ஐந்து கத்திகளோடு ஓடியது.

கோயம்புத்தூரில் எஃகைக் காய்ச்சிக் கெட்டிப்படுத்தும் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் 11 வருடம் வேலை பார்த்தவன் நான். கியர், ஷாஃப்ட், டை என்று உலைக்குள் போய் வராத எஃகு இல்லை. இப்போது சிறுமலையில் நாலு ஏக்கர். காப்பி, மிளகு, மலைவாழை, கொஞ்சம் பலா. வருடத்தில் பாதி நாள் பனியும் தூறலும். கத்தி இல்லாமல் இங்கே ஒரு நாள் ஓடாது. அதனால் காட்டு வேலைக்கு எந்தக் கார்பன் எஃகு நல்லது என்பது எனக்குப் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை.

கத்திகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, மேலே சொன்ன 1095. இரண்டு, ஸ்வீடனின் மோரா கம்பானியன், கார்பன் எஃகு வகை. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது. மூன்று, பிரான்சின் ஓப்பினெல் 8-ஆம் நம்பர், அதுவும் கார்பன். நான்கு, மலையடிவாரத்து ஆசாரி லாரிப் பட்டையில், அதாவது லாரியின் வில் பட்டையில், அடித்துக் கொடுத்த வெட்டுக்கத்தி. ஐந்து, பழைய பட்டறை நண்பர்களோடு சேர்ந்து இஎன் 31 பட்டையில் நானே அறுத்து, ராவி, உலையில் வைத்து எடுத்தது. பேரிங் செய்யும் எஃகு அது. அமெரிக்கக் கணக்கில் 52100.

இந்த எண்களைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள், அவசியமே இல்லை. 1095-இல் முதல் இரண்டு எண் 10 என்றால், கார்பனைத் தவிரப் பெரிதாக வேறு எதுவும் கலக்காத எஃகு. கடைசி இரண்டு எண் கார்பன் அளவு, 0.95 சதவீதம். 1075 என்றால் 0.75. அதே முறையில் 5160 என்றால் 0.6 சதவீதம் கார்பன், கூடவே 0.8 சதவீதத்தை ஒட்டிக் குரோமியம். 52100-இல் கார்பன் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை. இந்தக் கொஞ்சக் குரோமியம் துருவைத் தடுக்காது. அதற்குப் பத்தரை சதவீதத்துக்கு மேல் வேண்டும், அப்போதுதான் அது எவர்சில்வர் வகைக்குப் போகும். இங்கே குரோமியத்தின் வேலை வேறு. தோய்ச்சல் போடும்போது, அதாவது காய்ச்சிய எஃகைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கிச் சட்டென்று ஆற்றும்போது, உள்வரை கெட்டிப்பட நேரம் கொடுக்கும்.

அந்த நேரம்தான் பெரிய விஷயம். 1095-ஐச் செஞ்சூட்டிலிருந்து 540 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்க ஒரு வினாடிகூடக் கிடையாது. அதற்குள் இறக்காவிட்டால் பாதி கெட்டி, பாதி மெது என்று நின்றுவிடும். அதனால் உப்புத் தண்ணீரோ வேகமான தோய்ச்சல் எண்ணெயோ வேண்டும். தண்ணீரில் போட்டால் விரிசல் விடும் பயம் வேறு. சரியாகக் கெட்டிப்பட்டால், எஃகு எவ்வளவு கெட்டி என்று சொல்லும் ராக்வெல் அளவில் 65-ஐத் தொடும், ஆனால் கை தவறித் தரையில் விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் திரும்பவும் மிதமான சூடு கொடுத்துக் கொஞ்சம் இறக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்கு டெம்பரிங் என்று பெயர், ஆசாரிகளிடம் பதம். அந்த இரண்டாவது சூடு எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்பதில்தான் ஒரு கத்தியின் குணமே இருக்கிறது. பிடியில் பொறிக்கும் எண் அதைச் சொல்வதில்லை.

உடைந்த கத்தியை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கே போனேன். பழைய கூட்டாளி ராக்வெல் கருவியில் வைத்தார். மூன்று இடத்தில் பார்த்தோம், 61, 62, 62. காய்கறி நறுக்கும் மெல்லிய கத்திக்கு அந்த அளவு பொருந்தும். மூங்கில் கணுவில் அடித்து இறக்கும் கத்திக்கு 1095 எஃகில் 62 வைத்தால் வாய் உடையாமல் என்ன செய்யும்? பிடியின் திருகாணிகளைக் கழற்றி, வெறும் தகட்டை மட்டும் 240 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம் வைத்தோம். அளவு 58-க்கு வந்தது. உடைந்த இடம் மறையும்வரை கல்லில் தேய்த்து, புதிதாக வாய் எடுத்தேன். ஊருக்குத் திரும்பிய மறுநாள் அதே மூங்கில் கட்டில் மீதியிருந்ததை அதே கத்தியால் பிளந்தேன். இருபது கழிக்கு மேல் இருக்கும். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

எஃகும் அதே, கத்தியும் அதே. செய்தவர்கள் பெயரை எழுதப்போவதில்லை, ஒரு கத்தியை வைத்து ஒரு கம்பெனியை எடைபோடக் கூடாது. ஆனால் '1095 நல்லதா, 5160 நல்லதா' என்று கேட்பவர்களுக்கு என் கையில் இருக்கும் பதில் இதுதான்: பதம் எவ்வளவு என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இனி ஆசாரி கதைக்கு வருகிறேன். என் மனசில் நின்றது இதுதான்.

லாரிப் பட்டைக்கு ஒரே எஃகு என்று கிடையாது. இஎன் 45 இருக்கும், எஸ்யுபி 9 இருக்கும். ஒன்றில் சிலிக்கன் தூக்கல், மற்றதில் குரோமியம். எஸ்யுபி 9 கிட்டத்தட்ட 5160-க்கு அண்ணன் தம்பி. எதுவானாலும் கார்பன் 0.55, 0.6 என்ற இடத்தில்தான் நிற்கும். வளைந்து வளைந்து நிமிர்வதற்கென்றே பிறந்த எஃகு, அதனால் அடி தாங்கும். ஒரே ஆபத்து, லட்சக்கணக்கான மேடுபள்ளம் பார்த்த பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். ஆசாரி அதற்கு வைத்திருக்கும் வழி எனக்குப் பிடித்தது. நடுவில் போல்ட்டுத் துளை இருக்கும் பகுதியைத் தொடவே மாட்டார். நுனிப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, காய்ச்சித் தோய்ச்சல் போட்டு, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் உடைத்துப் பார்ப்பார். உடைந்த முகத்தில் கறுப்புக் கோடு தெரிந்தால் அந்தப் பட்டை பழைய இரும்புக்குப் போய்விடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் தோய்ச்சல் போடுவேன் என்று சொல்லிவிட்டார். காரணம் வெளிச்சம். பகலில் செஞ்சூட்டின் நிறம் கண்ணை ஏமாற்றும். கத்தி உலையில் கிடந்தபோது நான் கையோடு கொண்டுபோயிருந்த காந்தத்தைக் கம்பியில் கட்டி நீட்டினேன். ஏறத்தாழ 770 டிகிரியில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். ஆசாரி காந்தத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துருத்தியை நிறுத்தச் சொன்னார், கொஞ்சம் பொறுத்தார், பிறகு எடுத்தார். நான் காந்தத்தை அருகே கொண்டுபோனேன், ஒட்டவில்லை. அவர் கண் சொன்னதும் காந்தம் சொன்னதும் ஒன்றுதான்.

புங்க எண்ணெய்ச் சட்டியில் வாய்ப் பக்கம் மட்டும் இறக்கினார். முதுகு வெளியே சிவந்தே இருந்தது. எண்ணெய் புகைந்து கொதிப்பது அடங்கியதும் வெளியே எடுத்து, செங்கல் துண்டால் வாயை நாலு இழுப்பு இழுத்தார். வெள்ளையாக எஃகு தெரிந்தது. "தம்பி, இப்ப பேசாம பாருங்க" என்றார். முதுகில் மிச்சம் இருந்த சூடு மெதுவாக வாயை நோக்கி இறங்க ஆரம்பித்தது. முதலில் வைக்கோல் நிறம் ஒரு பட்டையாக வந்தது. அதற்குப் பின்னால் செம்பழுப்பு. அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம். கத்தரிப்பூ வாயைத் தொட்ட நொடியில் முழுக் கத்தியையும் எண்ணெய்யில் முக்கிவிட்டார்.

"வைக்கோல்ல நிறுத்துனா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"அது சவரக் கத்திக்கு. கட்டையில போட்டா வாய் பொரிஞ்சிரும். நீலம் வரைக்கும் விட்டா மடங்கும். வெட்டுறதுக்குக் கத்தரிப்பூதான்."

கத்தரிப்பூ நிறம் வருவது 280 டிகிரியை ஒட்டி. பிறகு அந்தக் கத்தியையும் ராக்வெல் கருவியில் வைத்தேன். வாய்ப் பக்கம் 54, 55. முதுகு 40-க்கும் கீழே. வாய் கெட்டி, முதுகு மெது. கம்பெனிகள் இதைத் தனி வகை என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆன கூலி, பிடியோடு சேர்த்து 900 ரூபாய்.

ஒரு வருடத்தில் இந்த வெட்டுக்கத்தி பார்த்த வேலையை மற்ற நாலும் சேர்ந்து பார்க்கவில்லை. சில்வர் ஓக் கவாத்து, பலாக் கிளை, வாழை சாய்ப்பது, வேலிக்கு முள் வெட்டுவது எல்லாம் அதுதான். ஒருமுறை கிளைக்குள் மறைந்திருந்த பழைய வேலிக்கம்பியில் பட்டது. வாய் லேசாக நசுங்கி மடங்கியது, உடையவில்லை. அரத்தால் பத்து இழுப்பில் சரியாகிவிட்டது. 62-இல் இருக்கும் கத்தியை அரம் தொடாது, வழுக்கிக்கொண்டு போகும். காட்டில் கத்தியை அரம் கொண்டு சரிசெய்ய முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பது தோட்டத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். குறையும் உண்டு. கூர் சீக்கிரம் போகும். அரை நாள் கவாத்து முடிந்தால் கல்லில் நாலு முறை போட்டே ஆக வேண்டும். கனம் வேறு. மிளகுக் கொடி கட்டும் நாரை அறுக்க இதை எடுத்தால் கை வலிக்கும்.

அந்த மாதிரி வேலைக்கு மோரா. 1891-இலிருந்து மோரா என்ற ஊரில் செய்துவருகிறார்கள். என்னிடம் இருப்பது 2 மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு, ஒரு சாண் நீளத்தில் பாதிதான். கார்பன் 1 சதவீதம். கருவியில் வைத்ததில் 59 காட்டியது. 1095-உம் இதுவும் கார்பன் கணக்கில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் செய்த கை இதை எந்த வேலைக்கு என்று யோசித்துச் செய்திருக்கிறது. இரண்டு பக்கமும் அகலமாக ஒரே சரிவு, அந்தச் சரிவையே கல்லில் படிய வைத்துத் தீட்டினால் போதும், கோணம் கணக்குப் பார்க்க வேண்டாம். பதியன் போடக் குச்சி சீவுவது, வாழை நார் கிழிப்பது, அடுப்புக்குச் சிராய் எடுப்பது என்று எல்லாவற்றிலும் வெண்ணெயில் போவதுபோலப் போகும். முதுகு ஓரம் கூராக இருப்பதால் தீமூட்டும் ஃபெர்ரோ ராட் குச்சியில் இழுத்தால் பொறி கொட்டும். வெங்கச்சாங்கல்லில் அடித்தும் பொறி பார்த்தேன். சக்கிமுக்கி வேலை கெட்டிப்பட்ட கார்பன் எஃகால்தான் ஆகும். ஒன்றைக் கவனியுங்கள், பிடிக்குள் காம்பு முழு நீளத்துக்குப் போவதில்லை. மூங்கில் பிளக்க இதை எடுக்க வேண்டாம், அதற்குச் செய்ததல்ல.

ஓப்பினெல் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1890-இல் சவாய் மலைப் பகுதியில் ஒரு கொல்லர் குடும்பத்துப் பிள்ளை செய்ய ஆரம்பித்தது, 1955-இலிருந்து கழுத்தில் சுழலும் பூட்டு வளையம். மடக்கினால் மடியில் செருகிக்கொள்ளலாம். பீச் மரப்பிடி ஈரம் குடித்தால் உப்பும் என்று தெரிந்திருந்ததால், வாங்கிய வாரமே பிடியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துக் காயவிட்டேன். அம்மா கையில் கொடுத்தேன், இப்போது அது அம்மாவுடையது. கீரை, பழம், சாக்குத் தைக்கும் சணல் என்று அவர் ஒருநாளும் இறக்கி வைப்பதில்லை.

இஎன் 31 கத்திதான் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. இதைத் திறந்த உலையில் அவசரமாகக் காய்ச்சினால் குணம் வராது. 840 டிகிரியில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும், கார்பனும் குரோமியமும் கரைந்து பரவ. எங்கள் பழைய பட்டறை உலையில்தான் அது முடிந்தது. எண்ணெயில் தோய்ச்சல், 200 டிகிரியில் இரண்டு முறை பதம், முடிவில் 60. முதல் வாரம் ஏமாற்றமாக இருந்தது. தீட்டினால் கூர் வரும், பத்து வெட்டில் மடங்கிவிடும். பதறாமல் மறுபடி மறுபடி தீட்டினேன். நாலாவது தீட்டலில் வாய் நின்றது, பிறகு நின்றுகொண்டே இருக்கிறது. உலைக்காற்றில் மேல்தோலிலிருந்து கார்பன் எரிந்துபோய்விடும். அந்தக் காகிதக் கனத் தோலைத் தேய்த்துக் கழித்தால்தான் உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். புதுக் கத்தி வாங்கி 'கூர் நிற்கவில்லை' என்று வருத்தப்படுகிறவர்கள் மூன்று நாலு முறை தீட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது கூர் நிற்பதில் ஐந்தில் முதல் இடம் இதற்குத்தான். ஒரு நாள் முழுக்க நைலான் கயிறும் அட்டைப் பெட்டியும் அறுத்த பிறகும் முன்கை மயிரை மழிக்கிறது. 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கும் கார்பன், இரும்போடு சேர்ந்து கார்பைடு என்ற கெட்டித் துணுக்குகளாக எஃகுக்குள் உட்கார்ந்திருக்கும். பொடிக்கற்கள் பதித்ததுபோல அவை வாயைத் தேயவிடாது. குரோமியம் சேர்ந்த கார்பைடு இன்னும் கெட்டி. அதே காரணத்தால் தீட்ட நேரம் பிடிக்கும். வீட்டுப் படிக்கட்டுக் கல் இதற்குப் பத்தாது, நல்ல தீட்டுக்கல் வேண்டும்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஐந்துமே துருப்பிடிக்கும், ஒன்றுக்கு ஒன்று பெரிய வித்தியாசம் கிடையாது. கார்த்திகையில் 1095-ஐத் தோல் உறைக்குள் வைத்து நாலு நாள் மறந்துவிட்டேன். எடுத்தபோது அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக அரித்திருந்தது. தோல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உறை இடுப்பில் இருக்கட்டும், கத்தி வீட்டில் ஆணியில் தொங்கட்டும்.

என் வழி ஒன்று சொல்கிறேன், செலவு இல்லாதது. கடுக்காய் நாலை நசுக்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெய்ப் பிசுக்கு நீக்கிய கத்தியை அதில் அரை மணி நேரம் போடுங்கள். கடுக்காய்த் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து நீலக் கறுப்பாக ஒரு படலம் ஏறும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியதும் இதே சேர்க்கைதான். அந்தப் படலத்தின் மேல் தேங்காய் எண்ணெய் ஒரு துடைப்பு. செந்துரு வருவது நன்றாகவே குறையும். வாழைக்கறை பட்டுப் பட்டு ஆசாரி கத்தி தானாகவே கறுத்துவிட்டது, அதற்கு எதுவும் செய்யத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே செந்துரு ஏறியிருந்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, உடனே எண்ணெய். அந்த 'உடனே' முக்கியம். புளித் தண்ணீரோடு பத்து நிமிடம் விட்டால் மறுபடி சிவக்கும்.

ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் மலையில் வேலை செய்பவருக்கு நான் லாரிப் பட்டைக் கத்தியைத்தான் சொல்வேன். இன்னொன்றுக்குக் கை எட்டினால் மோரா. இஎன் 31, உலை வசதி உள்ள யாராவது தெரிந்திருந்தால் மட்டும். 1095 கெட்ட எஃகு இல்லை, 58-க்கு இறக்கிய பிறகு அந்தக் கத்தியை இன்றும் சந்தோஷமாகத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்கு ஒருமுறை கோயம்புத்தூர் போய்வர வேண்டியிருந்தது.

ஆசாரியிடம் சொல்லி அடிக்கப் போகிறீர்கள் என்றால், 'நல்லா கெட்டியா வேணும்' என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். முதுகு 5 மில்லிமீட்டர், வாய்ப் பக்கம் போகப்போக மெலிய வேண்டும், நுனிக்குக் கனம் குறைய வேண்டும் என்று சொல்லுங்கள். பட்டையில் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். தோய்ச்சல் போடும் சாயங்காலம் பக்கத்தில் இருங்கள். பிடிக்குக் கிடைத்த கட்டையைப் போடுவார்கள், நீங்களே காய்ந்த புளியங்கட்டை ஒன்று கொண்டுபோய்க் கொடுங்கள். மழையில் நனைந்த உள்ளங்கைக்கு அது வழுக்காது.